நான் வெட்டச் சொன்ன இடம்

என் கணவர் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். தலைமன்னாரில் கல்யாணமோ செத்தவீடோ, அவருடைய பெட்டிகள் இல்லாமல் நடக்காது. இத்தாலியில் இருக்கும் என் தம்பி பழைய ஒபேராப் பதிவு ஒன்றை அனுப்பியதிலிருந்து மனிசனுக்கு விசர் பிடித்துவிட்டது. காலைத் தேநீரோடும் அதுதான், நான் மீன் வெட்டும்போதும் அதுதான்.

“இதுவும் கூத்துத்தானப்பா. கதை முழுக்கப் பாட்டு. சாகிறவளும் பாடிப் பாடித்தான் சாகிறாள்.”

“சாகிறதுக்கு இவ்வளவு நேரமோ? எங்களுக்குக் கூத்துப் பழக்கிற அண்ணாவியார் எண்டால் ரெண்டு விருத்தத்தில முடிச்சுப்போடுவார்” என்றேன்.

அந்தப் பதிவில் யாரோ இருமுகிறார்கள். பாடுகிறவள் மூச்சு இழுப்பது கேட்கிறது. ஓரிடத்தில் ஏதோ தொப்பென்று விழுகிறது. இதைவிடத் துப்புரவான பதிவுகள் எத்தனையோ இருந்தும் சனம் இதைத்தான் தேடிக் கேட்குதாம். அன்று அந்த மண்டபத்தில் நடந்தது வேறெதிலும் இல்லையாம். எனக்கு எரிச்சல் வந்தது. பிழை இல்லாமல் பாடினால் அது நல்ல பதிவு. இதிலென்ன ஆராய்ச்சி?

என் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. இந்த வருடம் கோயில் திருவிழாக் கூத்தில் அரசி வேடம் என்னுடையது. கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த மகனைக் கொல்ல வேண்டாமென்று அரசனிடம் புலம்புகிற அரசி. இருபது வருடமாக அதைப் பாடியவர் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரர். அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவருக்கு முழங்கால் ஏலாமல் போக, அண்ணாவியார் வேடத்தை எனக்குத் தந்துவிட்டு, நாங்கள் பாடும் அடிகளைத் திருப்பிப் பாடுகிற பிற்பாட்டுக்கு அவரை அனுப்பிவிட்டார். “பொம்பிளை பாடினால் கூத்து விளங்கினமாதிரித்தான்” என்று மாமா சந்தியில் சொன்னது பின்னேரமே என் காதுக்கு வந்தது. அதோடு அவருடன் கதை பேச்சு இல்லை.

கூத்தன்று, புலம்பலின் நடுவில் எனக்கு அடுத்த அடி மறந்துபோனது. மத்தளம் தனியே போய்க்கொண்டிருந்தது. எப்படியோ பிடித்துப் பாடி முடித்தேன். என் ஞாபகசக்தி அப்படி என்று பிறகு ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். ஆனால் அந்த நேரம் பிற்பாட்டுப் பக்கம் பார்த்தபோது மாமா கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஒத்திகையையும் கூத்தையும் என் கணவர்தான் பதிவு செய்திருந்தார். கூத்துப் பதிவு கனடா, இத்தாலி என்று ஊர்ச்சனம் இருக்கிற இடமெல்லாம் போகும். அந்த இடைவெளியோடு போனால் மாமா சொன்னது சரியென்றாகிவிடும். அடுத்த வருடம் அரசி வேடம் எனக்குக் கிடையாது.

“அந்த இடத்தை வெட்டிப்போட்டு, ஒத்திகையில பாடினதை ஒட்டுங்கோ.”

“ஒட்டலாம். முதல்ல நீர் ஒருக்காக் கேளும்” என்று கணவர் ஹெட்போனை என் தலையில் மாட்டினார்.

மத்தளம். காற்று. முன்வரிசையில் ஒரு குழந்தையின் அழுகை. என்னுடைய மூச்சு. பிறகு மிக மெதுவாக ஓர் ஆம்பிளைக் குரல், அடுத்த அடியின் முதல் இரண்டு சொற்களை ராகத்தோடு பாடியது. அதன் பின்னால்தான் நான் வந்தேன்.

திரும்பப் போடச் சொன்னேன். மூன்று தரம் கேட்டேன். அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? வருடா வருடம் அதைக் கேட்டுத்தானே அந்தப் புலம்பலையே படித்தேன். சந்தி சந்தியாகப் பீற்றித் திரிந்ததை நினைக்க வெட்கமாக இருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கதிரையில் இருந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“மாமா, எனக்கு அடி எடுத்துத் தந்தது நீங்களோ?”

“நான் தொண்டையைச் செருமினனான்.”

“செருமலுக்கு ராகமும் இருக்கோ?”

அவர் சிரிக்கவில்லை. வலையைப் பார்த்தபடியே சொன்னார்.

“முதல் வருசம் எனக்கும் அந்த அடிதான் விட்டுப்போனது, பிள்ளை. ஆரும் எடுத்துத் தரேல்லை. பாடாமலே இறங்கினனான்.”

கீழே கிடந்த வலையின் மற்ற நுனியை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் கணவர் கணினிக்கு முன்னால் ஆயத்தமாக இருந்தார்.

“சொல்லும், எந்த இடத்திலயிருந்து வெட்ட?”

“ஒண்டும் வெட்ட வேண்டாம். அந்த இடத்தில சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ.”