பல்லில் தேய்த்த முத்து

மன்னார்குடியில் ஒரு நகைக்கடையின் முத்து கவுன்ட்டரில் பல வருஷம் நின்று, போன தை மாதம்தான் ஓய்வு பெற்றேன். இப்போது அந்த இடத்தில் நிற்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார்: "தங்கத்தை உரசிப் பாக்கலாம், உருக்கிப் பாக்கலாம். முத்துக்கு அதெல்லாம் நடக்காதும்மா. கண்ணும் பல்லும்தான்." நிஜ முத்தை முன்பல்லில் லேசாகத் தேய்த்தால் பொடி மணல் போல நறநறக்கும். பிளாஸ்டிக் வழுக்கும். இந்தப் பரீட்சை யூடியூபில் வந்தாலும் வந்தது, வாடிக்கையாளர்கள் பல்லை இளித்துக்கொண்டேதான் உள்ளே வருகிறார்கள்.

அப்படி ஒரு நாள் நன்னிலம் பக்கத்துக் கல்யாண வீடு ஒன்று கடைக்கு வந்தது. முன்னால் மாப்பிள்ளையின் பெரியம்மா. பின்னால் கல்யாணப் பெண்ணும் அவள் அம்மா ஜமீலாவும். ஜமீலாவை எனக்குத் தெரியும். அவருடைய முத்துமாலையைக் கோர்த்துக் கொடுத்ததே எங்கள் கடைதான்.

அவர் கணவர் பஹ்ரைனில் வேலை பார்த்தவர். எண்ணெய் கிடைப்பதற்கு முன் அந்த ஊரே கடலில் மூழ்கி முத்தெடுத்துத்தான் பிழைத்தது. இன்றும் அங்கே பண்ணையில் வளர்த்த முத்தை விற்கக் கூடாது. மனிதர் லீவில் வரும்போதெல்லாம் கொஞ்சம் பொடி முத்து வாங்கி வந்தார். ஒரு மாலைக்குச் சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை.

பெண்ணுக்குப் போடப்போகும் அந்த மாலையைப் பெரியம்மா கவுன்ட்டரில் போட்டார். "பஹ்ரைன் முத்துன்னு ஊரெல்லாம் சொன்னாங்க. தேய்ச்சா வழவழன்னு போவுது. இதத்தான் வேளாங்கண்ணிக் கடற்கரையில தொங்கவிட்டு விக்கிறான். அடுத்த வாரம் நிக்காஹ். பொய் சொல்ற வீட்டுல பொண்ணு எடுக்கணுமா? நீயே சொல்லும்மா."

பெண் அம்மாவைப் பார்த்தாள். ஜமீலா தரையைப் பார்த்தார்.

நானும் தேய்த்தேன். வழுக்கியது. லென்ஸை எடுத்தேன். நாங்கள் கோர்த்த, ஒன்றுபோல் ஒன்று இல்லாத அதே முத்துகள்தான். ஆனால் துளையின் ஓரத்தில் வெங்காயச் சருகு போல மெல்லிய படலம். நிறமில்லாத நெயில் பாலிஷ்! கவரிங் நகை கறுக்காமலிருக்க எங்கள் பக்கத்துப் பெண்கள் பூசுவது. நிஜ முத்துக்கு யார் பூசுவார்கள்?

நிமிர்ந்தேன். ஜமீலாவின் வளையல்களில் அதே ஈரப் பளபளப்பு. ஓரத்தில் செம்பு எட்டிப்பார்த்தது. தங்கமெல்லாம் மகளுக்குப் போய், இவர் கையில் கவரிங். அதற்குப் பூசிய பாலிஷையே முத்துக்கும் பூசியிருக்கிறார். பாலிஷ் போட்டேன் என்று வாயைத் திறந்தால் சம்பந்தி வீட்டார் கண் முதலில் அந்த வளையலுக்குத்தான் போகும். அதனால்தான் பொய்க்காரி என்ற பேரைக்கூட வாங்கிக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"இது எங்க வேலைதாங்க," என்றேன். "கல்யாண நகையாச்சேன்னு மேல ஒரு பூச்சு போட்டுக் கொடுத்தோம். இவங்ககிட்ட சொல்ல மறந்துட்டோம்."

ஊசி முனையால் ஒரு முத்தின் படலத்தை மட்டும் நெம்பி உரித்தேன். "இப்பத் தேய்ச்சுப் பாருங்க."

பெரியம்மா தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார். "அல்லாவே, நறநறங்குது!" சட்டென்று ஜமீலாவின் தோளைப் பிடித்தார். "மனசுல வச்சுக்காதீங்க சம்பந்தி." பிறகு என்னிடம் திரும்பி, "ஏம்மா, ஒழுங்கா வேலை பாக்க மாட்டீங்களா? மீதியையும் சுத்தம் பண்ணிக் கொடுங்க," என்றார்.

ஜமீலா என்னை ஒரு முறை பார்த்தார். தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டார்.

மாலையை எங்களிடம் விட்டுவிட்டு அவர்கள் போனதும் முதலாளி வந்தார். "நம்ம கடையில எப்பலேருந்தும்மா முத்துக்குப் பூச்சு போடுறோம்?"

"இப்பத்தாங்க."

மாலையை எடுத்து லென்ஸில் பார்த்தார். "அப்ப மீதியையும் நீயே உட்கார்ந்து உரி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

உரித்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது.

முத்துக்கு நெயில் பாலிஷ் ஆகாது என்று வாடிக்கையாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.