பின்சில்லின் அகலம்

என் கார் என்னைவிட மூத்தது. இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், எங்கள் ரொக்ஸ்பரோத் தெருவையே அதட்டிக்கொண்டு கிளம்பும் பழைய அமெரிக்க மசில் கார். முன்னால் நின்று பார்த்தால் பயில்வான். பின்னால் போனால் ஒடுங்கிய சில்லுகள், தூக்கிக்கட்டிய சாரத்துக்குக் கீழே மெலிந்த கால்கள் மாதிரி. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஜூனில் மகளுக்குக் கலியாணம். "அந்தக் காரிலைதான் கோயிலுக்கு வருவன், நீங்கதான் ஓடவேணும்" என்று சொல்லியிருந்தாள். கலியாணத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அதற்குள் காரை அழகாக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு அந்தரம்.

மனைவியின் தம்பிக்கு ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஒரு கராஜில் வேலை. அங்கே கொண்டுபோனோம். அகலமான றிம் போட்டால், கூடுகிற அகலம் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? உள்ளே போனால் வில்லுத்தகட்டில் இடிக்கும், வெளியே வந்தால் மட்கார்ட் விளிம்பில் உரசும். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வைத்தோம். மட்கார்டுக்கும் புது ரயருக்கும் நடுவே என் சுண்டுவிரல் போய்வந்தது.

"காணுமோ?"

"காணும் அத்தான். ஆனையையோ ஏத்தப்போறியள்?"

இருவரும் முன்சீற்றில் ஏறி ஓடிப் பார்த்தோம். பள்ளம் பள்ளமாக விழுந்தும் ஒரு சத்தமில்லை. பின்சீற் வெறுமையாக இருந்தது. கலியாண வீட்டிலிருந்து வெறும் சீற்றோடு எந்தக் காரும் வெளிக்கிடாது என்பது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். அளக்கும்போது இரண்டு பேருக்கும் அது நினைவில் இல்லை.

கலியாணத்தன்று மகள் என் பக்கத்தில் இருந்தாள். பின்னால் மனைவி, என் அக்கா, ரொறன்ரோவிலிருந்து வந்த மாமி.

"ஒதுங்கி இருங்கோ பிள்ளையள், ஒரு சீற் சும்மா போகக்கூடாது" என்று மாமி கடைசியாக ஏற, காரின் பின்பக்கம் பெருமூச்சு விட்டதுபோல் கீழே இறங்கியது.

முதல் பள்ளத்திலேயே சத்தம் தொடங்கியது.

"ஆரோ கீழையிருந்து தேங்காய் திருவுறாங்கள்" என்றார் மாமி.

யாரும் சிரித்து முடிக்கவில்லை. ரப்பர் எரிகிற மணம் காருக்குள் வந்துவிட்டது. ஓரங்கட்டி, இறங்கிப் பார்த்தேன். மட்கார்ட் விளிம்பு ரயரின் பக்கவாட்டை நீளமாக வெட்டியிருந்தது. அந்த ரயரோடு நெடுஞ்சாலையில் ஏற முடியாது. கோயில் தூரத்தில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில். மாற்றுச் சில்லோ பழைய ஒடுங்கினது, கராஜில் கிடந்தது. வெயிலில் கோட்டோடு நின்றேன். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பின்னால் மனைவியின் தம்பியுடைய வான் வந்து நின்றது. அதிலும் ஒரு சீற் மிச்சமில்லை. அவன் ரயரைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. "ஏறுங்கோ அத்தான், நேரமாகுது."

மகள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பரவாயில்லை என்பதை இந்த ஊர்ப் பிரெஞ்சில் சொன்னாள். மனம் நொந்தால் அவளுக்குப் பிரெஞ்சுதான் வரும்.

எல்லாரும் நெருங்கி, ஒடுங்கி, அவளைத் தம்பிக்குப் பக்கத்தில் ஏற்றினார்கள். எனக்குக் கடைசி வரிசையில், கேக் பெட்டிக்கும் மாமிக்கும் நடுவே கொஞ்ச இடம். தம்பி வானை எடுத்தான். அவ்வளவு தலைகளுக்கும் அப்பால் அவளுடைய கொண்டைப்பூ மட்டும் அசைந்தது.

"அப்பா ஏறிட்டாரோ?" என்று முன்னாலிருந்து அவள் கேட்டாள்.

"ஓம், ஏறிட்டன்" என்றேன். இரைச்சலில் அது அவளுக்குக் கேட்கவில்லை. மாமிதான் திரும்பவும் சத்தமாகச் சொன்னார்.