மாவுப் பாக்கெட்டும் பத்தடி தூரமும்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சேக்காட்டு மைதானத்தில் ஸ்கூட்டரோடு விழுந்தேன். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன முதல் நாள் அது. போகிற வழியிலேயே இட்லி மாவையும் வாங்கிக்கொண்டால் ஒரே அலைச்சலில் இரண்டு வேலை முடியும் என்று கணக்குப் போட்ட புத்திசாலி நான்தான். முன்னால் மாட்டியிருந்த பாக்கெட் உடைந்து புடவை, மூக்குக்கண்ணாடி, வண்டி எல்லாம் மாவு. பின்னால் ஓடிவந்த என் வீட்டுக்காரர், "பிரேக்க புடின்னா ஆக்சிலேட்டர முறுக்குறியே!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக மானம் இடம் கொடுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி ஏறி உட்கார்ந்து, மைதானத்து வாசல் வரை பத்தடி ஓட்டினேன். பக்கத்துச் சந்துக்குள் திரும்பியதும் இறங்கி, வீடு வரை தள்ளினேன். அன்றோடு வண்டிக்கு உறை போட்டு மூடியாயிற்று.

கரையான்சாவடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்திக் கொடுப்பேன். அந்த வேலை எனக்கு உயிர். மங்கலாகப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்த ஒருவர், போட்டுப் பார்த்ததும் எதிர்க்கடை போர்டைச் சத்தம் போட்டுப் படிப்பார் பாருங்கள், அதற்காகவே தினமும் போகலாம். ஆவடியில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் முன் என் வீட்டுக்காரர் தன் பைக்கில் என்னைக் கடையில் இறக்கிவிடுவார். இந்த வருடம் அவருக்கு விடிகாலை ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். இரண்டு பஸ் மாறி நான் போய்ச் சேர்வதற்குள் ஒன்பதரை ஆகிவிடும். முதலாளி நல்லவர்தான், ஆனால் கடைச் சாவி என்னிடம் இருந்தது. "ஒன்பதுக்கு ஷட்டர் தொறக்கணும்மா. ஒரு மாசம் பாக்குறேன். முடியலன்னா வேற ஆள் பாத்துக்குறேன்" என்றார்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் ஸ்கூட்டர் உறையை எடுக்கவில்லை. எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு உபதேசம் வரும். விமானம் ஓட்டும் பெண், மலை ஏறும் பெண், கீழே 'பெண்ணால் முடியும்' என்று பெரிய எழுத்து. நானும் தவறாமல் கைதட்டும் பொம்மையைப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன்.

அப்போதுதான் எங்கள் பிளாக்கில் அது தொற்ற ஆரம்பித்தது. முதலில் கீழ்வீட்டுத் திருநெல்வேலிக்காரி ஸ்கூட்டரில் போனாள். அவள் பிறவியிலேயே தைரியசாலி என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரத்தில் எதிர்வீட்டுக்காரி. அவள் புருஷன் பொறுமைசாலி, கத்தாமல் கற்றுக் கொடுத்திருப்பார். அதற்கும் பிறகு ஒரு நாள் மூன்றாவது மாடிப் பெண் ஹாரன் அடித்தபடி என்னைக் கடந்து போனாள். ரோட்டைக் கடக்கவே என் கையைப் பிடித்துக்கொள்கிறவள்! பஸ் ஸ்டாப்பில் நான் வாயைப் பிளந்து நின்றேன். எனக்குக் கோபமே வந்தது. என் கைவசம் இருந்த சாக்குகள் அத்தனையையும் அவள் ஒரே ஹாரனில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். "என்னத்துக்குக்கா பயப்படுதிய? காலைல ஆறு மணிக்கு வாங்க" என்றாள். அதே மைதானம். அவள் கத்தவே இல்லை. மாவு வாங்கவும் விடவில்லை. பத்தாவது நாள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது, எனக்கு நாற்பத்தாறு வயது என்பதையே மறந்து கூவிவிட்டேன். வாக்கிங் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

அதன்பின் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. இது எங்கே ஆரம்பித்தது என்று தெரிந்தாக வேண்டும். மூன்றாவது மாடிக்காரி, மற்ற இருவரையும் பார்த்துத்தான் துணிந்ததாகச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி கீழ்வீட்டைக் கை காட்டினாள். கீழ்வீட்டுக்காரி, "நம்ம டெய்லரக்கா பர்தாவோட வண்டில வந்து ஜாக்கெட் குடுத்துட்டுப் போவாங்கள்லா, அவங்களப் பாத்துதான்" என்றாள்.

எங்கள் குவார்ட்டர்ஸ் ஜாக்கெட் எல்லாம் கரையான்சாவடியில் அந்த ஒரே பெண்ணிடம்தான் தைக்கப் போகும். ஒருத்தி போனால் நாலு வீட்டுத் துணியைச் சேர்த்து எடுத்துப் போவாள். என்னுடையதும் அப்படித்தான் போகும். தைத்ததை அவர் கொண்டுவரும் நேரம் நான் வேலையில் இருப்பேன், அதனால் அவரைப் பார்த்ததில்லை.

முதலாளி சொன்ன ஒரு மாதத்தில் கடைசி நாள், முதல் முறையாகத் தனியாக ரோட்டில் வண்டியை எடுத்தேன். லாரிகள் உரசிக்கொண்டு போயின. வாய் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது. எட்டரை மணிக்கெல்லாம் கரையான்சாவடி வந்துவிட்டேன்! அந்தச் சந்தோஷத்தில் நேராக டெய்லர் கடையில் நிறுத்தி, நான் யார் என்று சொல்லிவிட்டு, யாரைப் பார்த்து நீங்கள் வண்டி கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

மிஷினை நிறுத்திவிட்டு அவர் நிமிர்ந்தார். "யாருன்னு தெரியாதுக்கா. சேக்காட்டுல மைதானம் கீதுல்ல? அந்தாண்ட ஷேர் ஆட்டோல போய்கினு இருந்தேன், ஆள் ஏத்த நிறுத்துனான். மைதானத்துக்குள்ள ஒரு அம்மா வண்டியோட வுழுந்துட்டாங்க. ஒடம்பெல்லாம் இட்லி மாவு! நானா இருந்தா அழுதுருப்பேன். அந்தம்மா எழுந்து, கண்ணாடிய தொடச்சி மாட்டிகினு, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஏறி ஓட்டினு வந்தாங்க. அதுக்குள்ள ஆட்டோ கெளம்பிடுச்சி. இன்னா தெகிரியம்! அன்னிக்கே ஊட்ல சொல்ட்டேன், எனக்கும் வண்டி வோணும்னு."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. மூன்று வருடமாக நான் நினைத்து நினைத்துக் கூசிய காலை அது. கண்ணில் நீர் முட்ட, "அது நான்தான்" என்றேன். "ஆனா பத்தடிதான் ஓட்டினேன்."

"அப்ப மீதி தூரம்?"

"தள்ளிக்கிட்டுப் போனேன்."

அவர் என்னையும் வாசலில் நின்ற வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த டேப் நழுவி விழும் அளவுக்குச் சிரித்தார். "நல்லவேள, ஆட்டோ கெளம்பிச்சி!"

மணியைப் பார்த்தேன், ஒன்பதுக்குப் பத்து. வண்டியில் ஏறினேன். அவர் கடை வாசலுக்கு வந்து நின்று, கண்ணாடிக் கடை வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓரடிகூடத் தள்ளவில்லை.