கொட்டகை ராஜாவின் துட்டி

சினிமாக் கொட்டகையில் ஆண்கள் பக்கம் நிற்பவனுக்குக் கை பலம் இருந்தால் போதும். பெண்கள் பக்கம் நிற்பவளுக்குக் காது, தொண்டை, இடுப்பு மூன்றும் பலமாக இருக்க வேண்டும். கோயில் கொடையிலோ கல்யாணப் பந்தியிலோ ஒரு தடவையாவது பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளப் போய்த் தலைவலி வாங்கினவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம்.

கோட்டாற்றுக்குக் கிழக்கே கும்பப்பூ நெல் அறுத்த வயலில் பேசும் படக் கொட்டகை போட்டார்கள். என் வீட்டுக்காரருக்குக் கரண்டு எஞ்சின் ஓட்டும் வேலை கிடைத்தது, எனக்குப் பெண்கள் பக்கத்து வேலை. டிக்கெட்டைக் கிழிக்க வேண்டும், நடுவில் தொங்கும் பாய்த் தடுப்பு விலகாமல் பார்க்க வேண்டும், மூங்கில் கால்களில் பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டிக் கொடுக்க வேண்டும். முதல் தொட்டில் என் மகனுக்கு. அப்போது என் நாத்தனார் வடிவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. என் மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டுத்தான் என்னை அனுப்பினாள்: "ஏட்டி, உன் கொட்டகையால எம் மக கலியாணத்துக்கு ஒரு சொல்லு வந்துதுன்னா, பொறவு நீ அந்தத் திசையிலயே நடக்கப்பிடாது!"

உற்றுப் பார்க்கும் ராஜா

முதல் நாள் நல்ல குடும்பத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். படம் தொடங்கியது. ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து நேரே எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான், அத்தனை பேரும் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டார்கள். ராஜா பாட்டுப் பாடி முடித்தும் ஒருத்தியும் நிமிரவில்லை. படம் பார்க்க வந்தவர்கள் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் நாளைக்கு எவள் வருவாள்?

மெல்லக் குனிந்து, "அக்கா, அது வெறும் வெளிச்சம். அதுக்குக் கண்ணு தெரியாது" என்றேன். அவர்களில் மூத்தவள் முந்தானைக்குள்ளிருந்தே சீறினாள்: "கண்ணு தெரியாதவன் எதுக்குட்டி பொம்பளைக பக்கமாப் பாத்துச் சிரிக்கான்? அங்கன திரும்பி நிண்ணு பாடச் சொல்லு!"

பெயர் சொன்ன ராணி

ஒரு வாரத்தில் ராஜாவின் பார்வை பழகிவிட்டது. பழகாதது ராணியின் வாய். படத்தில் பாதிக்கு மேல் ஒரு நந்தவனம் வரும். அங்கே ராணி ஓடிவந்து, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல, புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். என் வீட்டுக்காரர் பெயர் அதில் பாதி இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பாய் பின்னுகிறவள் முதல் பண்ணையார் மருமகள் வரை எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று தெரியாத பெண் எங்கள் ஊரில் உண்டா? அன்று வடிவின் வருங்கால மாமியார் பொன்னம்மை மாமியும் வந்திருந்தாள். சம்பந்தக்காரி என்பதால் நல்ல இடமாகப் பார்த்து நான்தான் உட்கார வைத்திருந்தேன். மாமி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இவளுக்கு இருக்கப்பட்ட வாயிக்கு அவன் படம் முடியுமட்டும் தாங்க மாட்டான், பாத்துக்கிடுங்க!"

வாய்க்கால் குளியல்

மாமி சொன்னது பலித்தது. போரில் அம்பு பட்டு ராஜா விழுந்தார். "ஐயோ மக்கா!" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் பொன்னம்மை மாமி கூந்தலை அவிழ்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டிருக்கிறாள். மாமியின் ஒப்பாரிக்கு ஊரில் பெயர் உண்டு. எந்தச் சாவு வீட்டிலும் அவள் வந்த பிறகுதான் அழுகை களைகட்டும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். தொட்டில் பிள்ளைகளெல்லாம் விழித்து வீரிட்டன. உண்மையாகவே யாரோ செத்துப்போய்விட்டதாக நினைத்து என் வீட்டுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். இருட்டானதும் அழுகை இரண்டு மடங்காகிவிட்டது.

எல்லாம் ஓய்ந்து ஆட்களை அனுப்பிவிட்டு வெளியே வந்தால், பெண்கள் வரிசையாக வாய்க்காலில் முங்கிக்கொண்டிருக்கிறார்கள். "மாமி, எதுக்கு இப்பம் குளிக்கீங்க?" என்றேன். மாமி ஈரத்தலையைப் பிழிந்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்: "சாவுத் துட்டிக்கு அழுதுட்டுக் குளிக்காம வீட்டுக்குள்ள போகச் சொல்லுகியா? நீ என்ன வகைப் பொம்பளட்டி?"

கல்யாணத்துக்கு வந்த தீட்டு

சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து நின்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. தலைவிரித்து அழுது முங்கிக் குளித்தவள் பதினாறு நாள் கழியாமல் மகன் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டைத் தொடக்கூடாதாம். அந்த வாரமே கல்யாணம். பந்தலுக்குக் கால் நட்டாகிவிட்டது. தள்ளிப்போட்ட கல்யாணம் எங்கள் ஊரில் எப்படி முடியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடிவு அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டே அழுதாள். என் மாமியார் என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமி வீட்டுக்கு ஓடினேன். "மாமி, அது படம். ஒருத்தரும் சாகல்ல" என்று கெஞ்சினேன். மாமிக்கும் இந்தச் சம்பந்தத்தை விட மனசில்லை, ஆனால் பயந்துபோயிருந்தாள். மகன் கல்யாணமாயிற்றே! கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "செத்தது படமா இருக்கட்டும். நான் அழுத கண்ணீரும் படமா?"

செத்தவர் சிரித்தது

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? யோசித்தபடி திரும்பியவள் பாதி வழியில் நின்றேன். அழுதது நிஜம் என்றால் இருக்கட்டும். ஆள் உயிரோடிருந்தால் துட்டி ஏது? மறுபடியும் ஓடினேன். "மாமி, அவரு செத்ததப் பாத்தீங்கல்லா? இண்ணைக்குச் சாயங்காலம் வந்து, இருக்காரா இல்லையான்னு ஒருக்க பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன். செத்தவரைப் போய்ப் பார்ப்பதா என்று மாமி நடுங்கினாள். பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

வந்தார்கள். பெரியப்பா ஆண்கள் பக்கத்தில், மாமி என் கையைப் பிடித்தபடி எங்கள் பக்கத்தில். எஞ்சின் இரைந்தது. சிம்மாசனத்தில் ராஜா உட்கார்ந்திருந்தார். நேற்று அம்பு தைத்த நெஞ்சில் முத்து மாலை. எங்களைப் பார்த்துச் சிரித்தார். மாமியின் நகம் என் கையில் பதிந்தது. "அடப்பாவி, இருக்கானே!" என்றாள். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது: "ஏ பொன்னம்ம, ஆளு குத்துக்கல்லு மாதிரில்லா இருக்கான்! துட்டியுமில்ல ஒண்ணுமில்ல. போயி பந்தலப் பாரு!"

என் உயிர் திரும்பி வந்தது. ஆனால் படம் ஓடிக்கொண்டிருக்கிறதே! நந்தவனம் வந்து, ராணி வாயைத் திறந்து, போர் வந்துவிட்டால் என் பாடு முதலிலிருந்து தொடங்கும். பிள்ளைக்குப் பசி என்று சொல்லி மாமியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவள் படியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ராஜா இன்னும் பாடிக்கொண்டிருந்தார். மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பதறிப்போய் வாசல் திரையை இழுத்து மூடினேன். "பாவம் மக்கா," என்றாள், "இண்ணைக்கும் சாகப்போறது தெரியாம என்னமாச் சிரிக்கான் பாத்தியா?"

வடிவின் கழுத்தில் தாலி ஏறிய அன்று மாற்றாள் போட்டு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் லீவு கொடுத்தார்கள். ராஜாவுக்கு லீவு இல்லை, அன்றைக்கும் செத்தார்.