மேசை ஏறிய அரிசி மூட்டை

எங்கள் முறையீடு தோற்றதற்கு என் மனைவியே காரணம் எனத் தெருவினர் செல்லமாய்ப் பழிக்கின்றனர். அப்பழியை நீக்கவே இதனை எழுதுகிறேன்.

குருவிட்ட நகரில் ஆற்றை அடுத்த எங்கள் தெருவை அரசு வெள்ள அபாய வலயமாகக் குறித்தது. வீட்டுக் காப்புறுதிக் கட்டணம் என் ஆசிரிய ஓய்வூதியத்தில் பாதியை விழுங்குமளவு உயர்ந்தது. அக்குறிப்பை நீக்குமாறு முறையிட்டோம். பார்வையிட வந்த உத்தியோகத்தரிடம், "இத்தெருவினுள் வெள்ளம் புகுவதேயில்லை" என்று அனைவர் சார்பிலும் விளக்கிக்கொண்டிருந்தேன். அவ்வேளை பெருமழை பிடித்துக்கொண்டது.

"என்னங்க, பேசினது போதும். மூட்டைய ஒரு கை புடிங்க" என்றாள் மனைவி. பேச்சை நிறுத்தாமலே அரிசி மூட்டையின் மறுமுனையைப் பற்றி மேசைமேல் ஏற்றினேன். வேலிக்கு அப்பாலிருந்து, நாங்கள் 'நானா' என்றழைக்கும் அயல்வீட்டுக் கடைக்காரர் கூவினார்: "மாஸ்டர், நம்ம ஃபிரிட்ஜையும் தூக்கணும், வாங்க!"

உத்தியோகத்தர் சிரித்துவிட்டார். "வெள்ளமே வராத தெருவுல எல்லாரும் நல்லா பழகித்தான் தூக்குறீங்க, மாஸ்டர்" என்றவர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு நானா வீட்டுக்கு என்னுடன் வந்தார்.

வலயக் குறிப்பு நீங்கவில்லை. கட்டணத்தையும் முணுமுணுத்தவாறே செலுத்துகிறோம். ஆயினும், வானம் இருண்டால் மறுமுனை பற்ற ஆள் தேடவேண்டியதில்லை என்னும் நிறைவு எனக்குண்டு.

இதனைப் படித்த மனைவி, "மூட்டைய தூக்கச் சொன்னதே நீங்கதாங்க" என்கிறாள். வேறு பிழைகள் இருப்பின், வாசகரும் அன்புகூர்ந்து திருத்துக.