ஸ்டூர் என்றால் தூசி

மழையில் அன்று வகுப்புக்கு நானும் விடுதிப் பிள்ளைகள் சிலரும்தான் வந்திருந்தோம். பஸ்ஸில் வருகிறவர்கள் யாரும் வரவில்லை. ஆங்கிலம் எடுக்கும் மேடம் பழைய ஸ்காட்லாந்துச் சொல் ஒன்றைப் பலகையில் எழுதினார்: ஸ்டூர். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதற்குப் போர் என்று பொருளாம். பிறகு போரில் கிளம்பும் புழுதிக்கு ஆகி, கடைசியில் வீட்டில் பறக்கும் தூசிக்கே பேராகிவிட்டதாம்.

எனக்குச் செல்லூர் வீடு கண்ணுக்குள் வந்துவிட்டது. முன்னறையில் இரண்டு விசைத்தறிகள். பஞ்சுத்தூசி சோற்றிலும் விழும், அப்பாவின் புருவத்திலும் வெள்ளையாய் அப்பியிருக்கும். "என்ன மாப்ள, அதுக்குள்ள கெழவனாயிட்ட?" என்று பக்கத்துத் தறிக்காரர் கேலி செய்வார். அப்பா சிரிக்கப் பார்த்தால் இருமல்தான் வரும்.

தறி நின்றதும் அம்மா ஒரு துண்டு மண்டவெல்லத்தை நீட்டுவாள். "தின்னுங்க, உள்ள போன தூசிய இழுத்துட்டுப் போயிரும்." எங்கள் தெருவே அதை நம்பியது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகவே பல வருஷமாயிற்று.

"இம்புட்டு நாளா என்னம்மா பண்ணீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

வைத்தியத்துக்கு முதலில் ஒரு தறி போனது, பிறகு மற்றதும் போனது. தூசியே இல்லாத அந்த வீட்டில் அப்பா ஆடி வரைக்கும்தான் இருந்தார்.