புளியமரத்தில் ஏறாத பலகை

சந்தவாசலில் என் வீட்டுக் கோழிக்கூண்டுக்கு ஒரு தகரப் பலகைதான் மூடி. பச்சை வண்ணம் பாதி உரிந்துவிட்டது. ‘இயற்கையோடு வளர்வோம்’ என்ற வரியும், அதன் அடியில் நான் முன்பு வேலை பார்த்த புளிக்காய்ச்சல் நிறுவனத்தின் பெயரும் இன்னும் தெரிகின்றன. மழைக்கு அதை நகர்த்தி வைக்கும்போதெல்லாம் எங்கள் மேடம் நினைவுக்கு வருவார்.

அவர் நிறுவனத்தின் சுற்றுச்சூழல் பிரிவுக்குத் தலைவர். எனக்கு ஜவ்வாது மலையில் புளி வாங்கும் வேலை. மலையில் கிழட்டு மரங்களில் காய்ப்பு குறைந்து வந்ததால், வீட்டுக்கு வீடு புளியங்கன்று கொடுக்கலாம் என்று திட்டம் போட்டவர் அவர்தான். முதலாளிகளிடம் காடு, பறவை, மழை என்று ஒரு வார்த்தை பேசமாட்டார். “மலையில புளி நின்னா நம்ம ஆலையும் நின்னுடும் சார்” என்றே ஆரம்பிப்பார். காரியம் நடந்துவிடும். எனக்கோ அவரைக் கண்டாலே ஆகாது. மரம் நடுவதிலும் லாபம் பார்க்கிற ஆளை எப்படி நம்புவது? என்றைக்காவது மலையையே விலை பேசிவிடுவார் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

மலையில் ஊர்க்காரர்களைக் கூட்டிய முதல் கூட்டத்துக்கு விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். மலைத்தாய், வருங்காலச் சந்ததி என்று உருகி உருகிப் பேசிவிட்டு, ஒவ்வொரு கன்றோடும் நிறுவனத்தின் பெயர்ப்பலகை ஒன்று உண்டு என்றார். கேட்டவர்கள் முகம் இறுகிவிட்டது. அங்கே ஒரு பொருளைக் கைநீட்டி வாங்கினால் அதோடு வரும் பேச்சுக்கும் ஒப்புக்கொண்டதாக ஆகும். மரத்தில் எவன் பெயர் ஏறுகிறதோ மரம் அவனுடையது, மரம் போனால் அதன் பின்னாலேயே நிலமும் போகும் என்பது அவர்கள் பயம். ஒருவரும் கன்றைத் தொடவில்லை. அந்தப் பயம் வீண் என்று அடித்துச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அடுத்த முறை மேடமே மலையேறி வந்தார். சாமை அடிக்கும் களத்தில் ஊர் கூடியது. எங்களுக்கு வழக்கமாகப் புளி போடும் அக்கா எழுந்து நேராகக் கேட்டார்: “கன்னு சும்மா குடுக்கறீங்க. உங்களுக்கு இன்னா கெடைக்குது? அத்த மொதல்ல சொல்லுங்க.”

நான் எதையோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். மேடம் என்னைக் கையமர்த்தினார். “உங்க மரம் காய்க்கலன்னா நாங்க தூரத்துல போய் வாங்கணும். செலவு அதிகம். அதுக்குத்தாங்க குடுக்கறோம். நாளைக்கு வேற எங்கயாவது மலிவாக் கெடைச்சா கம்பெனி அங்க போயிடும். அதையும் இப்பவே சொல்லிடறேன். எங்கள நம்பி வெக்காதீங்க. உங்களுக்காக வெய்ங்க.”

மேடம் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். அக்கா சிரித்துவிட்டார்.

“இப்பத்தான் மன்ஷங்க பேசறா மாரி கீது. கன்னு எடுத்துக்கறோம். பலகைய மட்டும் நீங்களே எடுத்துனு போய்டுங்க.”

பலகைகள் எங்கள் வண்டியிலேயே மலையிறங்கின. அதில் ஒன்றுதான் என் கோழிக்கூண்டுக்கு மூடியானது; அக்காவிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

கன்றுகள் காய்ப்புக்கு வருமுன்பே நிறுவனம் மலிவைத் தேடிப் போய்விட்டது. என் வேலையும் போயிற்று; சந்தவாசலில் சின்னதாக ஒரு கடை போட்டேன். மேடம் எங்கோ வேறு வேலைக்குப் போனார். அவர் அன்று பேசியது நேர்மையா, இல்லை நேர்மையே அவருடைய சாமர்த்தியமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முழுதாக நம்பவும் முடியவில்லை, அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. மரங்கள் இப்போது காய்க்கின்றன. புளியை யாருக்குப் போடுவது என்பதை ஊரே முடிவு செய்கிறது.

சமீபத்தில் என் கடைக்குப் புளி வாங்க மலைக்குப் போயிருந்தேன். அதே களத்தில் வேறொரு நிறுவனத்தின் வண்டி நின்றிருந்தது. கன்றுகளும் இருந்தன, பளபளவென்று பலகைகளும் இருந்தன. அக்காவுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. கேள்வி மட்டும் மாறவில்லை. “உங்களுக்கு இன்னா கெடைக்குது?”

“எங்களுக்கு ஒண்ணும் வேணாம்மா. நீங்க நல்லா இருந்தா அதுவே போதும்” என்றார் அந்த நிறுவனத்திலிருந்து வந்தவர்.

அக்கா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, உன் கோழிக்கூண்டுக்கு இன்னொரு மூடி வேணுமா?”